ஸேர் கீழே, ஸபர் மேலே

“எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஓதுற எடத்துல உனக்கு மட்டும் என்னடி தனியா ஒரு கவுரவம், பெத்தவளோட வருஷ கத்தத்துக்குக்கூட எங்களோட தரையில உக்கார மாட்டியா, கான்வென்ட்ல படிச்சவளுக்கு முட்டி மடங்காதோ” என்று ராபியா அக்கா கேட்டு நாலு நிமிஷம் ஆகிறது. முட்டி மடங்காது என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஐம்பத்தோரு வயதில் முட்டி மடங்கவில்லை என்றால் யாரும் எக்ஸ்ரே கேட்கப் போவதில்லை. அதைச் சொல்லாமல், வீட்லயே ஓதி முடிச்சிட்டு வர்றேன்னுதானே சொன்னேன், ஓதவே மாட்டேன்னா சொன்னேன் என்று எகிறிவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் குரல் எவ்வளவு மேலே போயிருந்தது என்று தெரிந்தது, கீழ்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்திருந்தார்கள், கேட்கட்டும். இன்று புதன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பாலக்கரை வீட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். பள்ளிவாசலிலிருந்து அந்தப் பெட்டி வரும், குர்ஆனை முப்பது ஜுஸுவாகப் பிரித்து முப்பது மெல்லிய புத்தகமாகத் தைத்து அடுக்கிய பெட்டி. முப்பது பெண்கள், ஆளுக்கு ஒரு ஜுஸுவு. ஒருத்தி ஒன்றை ஓதி முடித்தால் முப்பது பேர் சேர்ந்து ஒரு முழு குர்ஆன், அதுதான் ஒரு கத்தம். கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வாசலுக்கு வெளியே நின்று துஆ கேட்பார், இந்தக் கத்தத்தின் நன்மையை மர்ஹூமா ஹலீமா பீவியின் கப்ருக்குச் சேர்த்து வைப்பாயாக என்று. ஹலீமா பீவி என் அம்மா. முப்பதில் ஒன்று குறைந்தாலும் அது கத்தம் இல்லை என்று ராபியா அக்காதான் சொல்வாள். சின்ன வயதிலிருந்தே சொல்வாள். முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே மணி பார்க்கிறேன், ஐந்தாக ஒரு நிமிஷம், ஐந்துக்கு ஓதப் படிக்கிற ஆன்லைன் கிளாஸ். மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் சின்னச் சின்னச் சதுரமாகத் தலைகள் வந்துவிட்டன, ஒரு தலைக்கு ரெட்டை ஜடை, ஒரு தலைக்கு முன்பல் இரண்டும் இல்லை, ஒரு தலை பிஸ்கட் தின்கிறது. பதினோரு பிள்ளைகள். பன்னிரண்டாவது நான். என் சதுரம் மட்டும் கறுப்பு.

கேமரா போடுங்கம்மா, வாய் அசையுறதப் பாத்தாத்தான் மக்ரஜ், எழுத்து பொறக்குற எடம், சரியா வருதான்னு எனக்குத் தெரியும் என்று கிளாஸ் எடுக்கும் ஆலிமா ஆயிஷா ஸித்தீகா முதல் நாளே சொன்னாள். வயது இருபத்திமூன்று இருக்கும், என் மகளைவிட நாலு வயது சின்னவள். என் பேரைப் பார்த்துவிட்டு, பேத்திய கூப்பிடுங்கம்மா, கிளாஸ் ஆரம்பிக்கப் போறேன் என்றாள். பேத்தி இல்லம்மா, நான்தான் என்றேன். அவள் வாய் திறப்பதற்குள் நான் மூன்று தரம் போனை அணைத்துவிட்டேன், மனசுக்குள். பிறகு அவள், மாஷா அல்லாஹ் என்று சொன்ன விதம் இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்வதுபோல, ஒண்ணும் இல்லம்மா, சின்ன ஊசிதான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் கேமராவைப் போடவில்லை, போடமாட்டேன். நீ பார்த்துக் கண்டுபிடிக்கிற வாயா என்னுடையது, அசைந்தே முப்பது வருஷம் ஊரை ஏமாற்றிய வாய். இப்போது பலகையில் ஒரு பே எழுதியிருக்கிறாள், தோணி மாதிரி, அடியில் ஒரு புள்ளி. மேலே சாய்வாக ஒரு கோடு இழுக்கிறாள். ஃபத்ஹா, ப என்கிறாள். பதினோரு வாயும் ப என்கிறது. அதே கோட்டைக் கீழே இழுக்கிறாள். கஸ்ரா, பி. மேலே ஒரு சின்னக் கொக்கி, தலையைச் சுருட்டிக்கொண்டு. ளம்மா, பு. அம்மா இதற்கெல்லாம் வேறு பெயர் வைத்திருந்தாள். ஸபர், ஸேர், பேஷ். பே ஸபர் ப, பே ஸேர் பி, பே பேஷ் பு. இந்தப் பெண் சொல்வதுதான் அரபியில் சரியான பெயராம், அம்மா சொன்னது பழைய மதரஸாக்காரர்கள் சொன்னதாம், இரண்டும் ஒன்றுதான்மா, எது வசதியோ வச்சுக்குங்க என்றாள். வசதியாம். தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. கி என்றால் வளைவு எழுத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, பிய்க்க முடியாது. இங்கிலீஷில் அதற்கு மேல், எழுதினதை எழுதினபடி வாசித்தால் மூக்கறுபடும், அதையும் மூக்கறுபட்டு அறுபட்டே கற்றுக்கொண்டேன். இதிலோ எழுத்து தன் பாட்டுக்குக் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, உயிர் கொசு மாதிரி மேலேயும் கீழேயும் பறக்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டுக்கும் உருவத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை, இடம்தான் வித்தியாசம். போதாததற்கு இந்தப் பே-யின் அடியில் அதன் சொந்தப் புள்ளி வேறு. புள்ளி எழுத்துக்குச் சொந்தம், கோடு சத்தத்துக்குச் சொந்தம், ரெண்டையும் குழப்பிக்காதீங்க என்கிறாள். நான் போன வாரம் முழுக்கக் குழப்பிக்கொண்டேன். அப்போது ஹனா என்கிற முன்பல் இல்லாதது, மிஸ், நன்னி தப்பா சொல்றாங்க என்றது. நன்னியாம், பாட்டியாம் நான். உனக்கு நான் நன்னியாடி, உங்க அப்பனைப் பெத்தேனா நான் என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். தப்பாகத்தான் சொன்னேன்.

நன்கு ஓதத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோடெல்லாம் வேண்டியதே இல்லையாம். அரபு நாட்டுப் பேப்பரில் ஒரு கோடும் இருக்காதாம், வெறும் எழுத்துதான், பார்த்தவுடனே அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம். இருக்கும். ராபியா அக்காவும் அம்மாவும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பாதி வார்த்தைகூட வராது. அந்த இது எங்க என்பாள் ஒருத்தி, அதுலதான் என்பாள் இன்னொருத்தி, முடிந்தது, டப்பா கைக்கு வந்துவிடும். எனக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே கீழே கோடு போட்டு விளக்க வேண்டும். அக்கா ஆறரை மணி மதரஸாவுக்குத் தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள், முனிசிபல் ஸ்கூலில் எட்டாவதோடு நின்றாள். எனக்குக் கான்வென்ட் பஸ் ஆறே முக்காலுக்கு. அத்தாதான் முடிவு பண்ணினார். ஒரு புள்ளையாவது இங்கிலீஷ் பேசட்டும் என்றார். அப்ப ஓதறது என்று அம்மா ஒரு தரம் கேட்டாள். அதுக்கு என்ன, லீவு நாள்ல நீ சொல்லிக் குடு என்றார். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. எத்தனை ஞாயிறு, நாலா, ஐந்தா. கீரைத்தண்டை ஒடிக்கிறேன், ஒடிய மாட்டேன் என்கிறது, முற்றல், காலையிலேயே அந்த ஆளிடம் சொன்னேன் இது முற்றல் என்று. அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்காருவாள், முகம் கை கால் கழுவி ஒளு செய்து, விரலுக்குப் பதிலாக ஒரு ஈர்க்குச்சியை வைத்து எழுத்தைத் தொடுவாள், விரல் படக் கூடாதாம், எவ்வளவு கழுவினாலும் மாவுக் கையாம். பே ஸபர் ப, சொல்லும்மா. எனக்கு ஒன்பது வயது. அந்த வெள்ளிக்கிழமைதான் ரிப்போர்ட் கார்டில் அம்மா வைத்த பெருவிரல் ரேகையைப் பார்த்துவிட்டு ஸிஸ்டர் புருவத்தைத் தூக்கியிருந்தாள். அத்தா ஊரில் இல்லை, அதனால் அம்மா வைத்தாள், ஊதா மை, காய்வதற்குள் நான் மூடிவிட்டதால் எதிர்ப் பக்கத்திலும் ஒரு விரல் விழுந்திருந்தது, இரண்டு விரல். கிளாஸே எட்டிப் பார்த்தது. மேரி ஷைலஜா சிரித்தாள், சிரிக்கவில்லை என்று பிறகு சத்தியம் பண்ணினாள். இரண்டு நாள் அதை வயிற்றில் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஈர்க்குச்சி மூன்றாவது தடவை அந்தத் தோணியின் அடியில் வந்து நின்றபோது சொன்னேன். மொதல்ல நீங்க உங்க பேர எழுதக் கத்துக்கிட்டு வாங்க, அப்புறம் எனக்குச் சொல்லிக் குடுங்க. நல்ல தெளிவாகச் சொன்னேன், எலக்யூஷனில் கப் வாங்கினவள் அல்லவா. அம்மா அடிப்பாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. ஈர்க்குச்சியை அந்தப் பக்கத்திலேயே அடையாளத்துக்கு வைத்து மூடினாள், உலைக்கு அரிசி போடணும் என்று எழுந்து போனாள். அடுத்த ஞாயிறு நான் காத்திருந்தேன், கொஞ்சம் காத்திருக்கத்தான் செய்தேன். அவள் வரவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் ஓது என்று என்னிடம் சொன்னதில்லை, நாற்பத்தோரு வருஷம். கல்யாணச் சீரில் ஒரு குர்ஆன் வைத்தாள், அதன்கூட தமிழ் எழுத்தில் அச்சடித்த ஒரு சின்ன யாசீன் புத்தகமும் வைத்தாள். ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்தத் தமிழ்ப் புத்தகத்தை வைத்துத்தான் காலத்தை ஓட்டினேன். க என்று போட்டிருந்தால் அது எந்த க என்று யாருக்குத் தெரியும், நான் என் இஷ்டத்துக்கு ஒரு க சொன்னேன், படைத்தவனுக்குப் புரியும் என்று விட்டேன். சின்ன ஸூராக்கள், நாலைந்து வரி அத்தியாயங்கள், எல்லாம் அப்படி மனப்பாடம். அதனால் எந்தக் கத்தத்துக்குப் போனாலும் முதல் ஆளாகப் போய்விடுவேன், பிரியாணிக்கு முதல் ஆள் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும், நான் போவது பெட்டியில் முப்பதாவது ஜுஸுவை எடுக்க. சின்ன ஸூரா எல்லாம் அதில்தான் இருக்கிறது. தெரிந்ததைச் சொல்லி, தெரியாததைத் தாண்டி, பக்கத்தைத் திருப்பித் திருப்பி ஒப்பேற்றிவிடலாம். பத்து கத்தம், பதினைந்து கத்தம். மாமியாருக்குக்கூட அப்படித்தான். மாமியாருக்கு அது போதும். அல்லாஹ் மன்னிக்கணும், இது என்ன நினைப்பு, போதும் என்று நான் யார் சொல்ல. ஆனால் அம்மாவின் நாற்பதாம் நாள் நான் பிந்திவிட்டேன். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன், அக்கா கதவைத் தட்டினாள், வெளியே வந்தபோது பெட்டி காலி. முப்பதாவது எங்கே என்று கேட்கவா முடியும். அக்காவே எனக்கென்று ஒன்றை எடுத்து மடியில் வைத்திருந்தாள், இந்தா உனக்கு என்று நீட்டினாள். பதினேழு. அதில் எனக்குத் தெரிந்த ஒரு வரியும் இல்லை. ஒரு வரி. இருபது பக்கத்துக்கு மேல், வரி வரியாக எறும்பு, மேலே எறும்பு, கீழே எறும்பு. பக்கத்தில் ஸுபைதா மாமி உட்கார்ந்திருந்தாள், அவள் ஒரு பக்கத்தைத் திருப்பினால் கொஞ்ச நேரம் கழித்து நானும் திருப்பினேன். உதடு அசைய வேண்டுமே. தெரிந்த ஸூராக்களைச் சொன்னேன், தீர்ந்துபோயிற்று. மறுபடி சொன்னேன். எங்கேயோ நடுவில் உதடு தன் பாட்டுக்கு ஸெவன்டீன் ஒன்ஸ் ஆர் ஸெவன்டீன் என்றது. ஸெவன்டீன் டூஸ் ஆர் தர்ட்டி ஃபோர். நிறுத்த முடியவில்லை, வாய்ப்பாடு அப்படித்தான், ஆரம்பித்தால் ஓடும். என்னைப் பெற்றவளுக்கு, நாற்பதாம் நாள், தலையில் துணி போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, பதினேழாம் வாய்ப்பாடு ஓதினேன். முடித்ததும் அக்கா என் முதுகைத் தடவினாள். எவ்வளவு அழகா ஓதினா பாரு, அம்மா பாத்திருந்தா பூரிச்சிருக்கும் என்று ஸுபைதா மாமியிடம் சொன்னாள். ஹஜ்ரத் துஆ கேட்டார். முப்பது ஜுஸுவும் நிறைவேறியது என்றார். ஆமீன் என்றேன். இப்போது சொல்லுங்கள், அங்கே என்ன போய்ச் சேர்ந்தது. இருபத்தொன்பது போய்ச் சேர்ந்ததா, அல்லது முழுசும் வாசலிலேயே நின்றுவிட்டதா, ஒன்று குறைகிறது, ஒன்று குறைகிறது என்று. ஆலிமாவிடம் கேட்டால் இந்தப் பெண் ஏதாவது இதமாகச் சொல்லுவாள், நர்ஸ் குரலில். அல்லாஹ் ரஹ்மான்மா, நிய்யத்துதான்மா, மனசுல நெனைக்கிறதுதான் முக்கியம். என் நிய்யத்து என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியுமே. மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான். அது ஒன்றுதான்.

கமருன்னிஸாம்மா, நீங்க சொல்லுங்க. என் முறை. கையில் கீரை ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதறிவிட்டு மியூட்டை எடுக்கிறேன். பலகையில் மூன்று எழுத்து சேர்ந்து நிற்கிறது. நேற்று வரை ஒற்றை எழுத்துதான், இன்று சேர்த்துவிட்டாள், சொல்லாமல் கொள்ளாமல். ஏதாவது தெரிந்த வார்த்தை மாதிரி இருக்கிறதா என்று கண் முதலில் தேடுகிறது, திருட்டுப் புத்தி, முப்பது வருஷப் பழக்கம். தெரிந்ததாக இல்லை. ஒவ்வொண்ணா சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல என்கிறாள். காஃப். தலையில் கொக்கி. கு. அடுத்தது தே, மேலே இரண்டு புள்ளி, அது அதன் சொந்தப் புள்ளி, அதை விடு. கோடு எங்கே. கீழே. கீழே இருந்தால், கீழே இருந்தால் ஸேர். தி. அப்புறம் தோணி, அடியில் புள்ளி, அது சொந்தம், கோடு மேலே. ப. சேத்து சொல்லுங்க. கு. தி. ப. குதிப. அல்ஹம்துலில்லாஹ் என்கிறாள், இந்தத் தடவை நர்ஸ் குரல் இல்லை. ஹனா கை தட்டுகிறாள், நன்னி கரெக்ட்டு. சனியன் பிடித்த மிளகாய்த்தூள் என்று முனகிக்கொண்டே மூக்கைத் துடைக்கிறேன். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. இதற்கு முன் காதில் விழுந்தது இல்லை, தமிழ்ப் புத்தகத்தில் படித்ததில்லை, யார் உதட்டையும் பார்க்கவில்லை. அதுவே எழுந்து வந்தது, மை மேலே கண் போயிற்று, சத்தம் வாயில் வந்தது. ஓதுவது என்றால் இதுதானா. இவ்வளவு சின்னதா, இவ்வளவு பாடா. அப்படியென்றால் அன்றைக்கு நான் செய்தது என்னவென்று இதுவரை எனக்கே சரியாகத் தெரியாது, ஏதோ கொஞ்சம் குறைவாக ஓதிவிட்டதுபோல ஒரு எண்ணம் இருந்தது, பாதி மார்க் மாதிரி. பாதி இல்லை. ஒன்றுமே இல்லை.

கிளாஸ் முடிந்து சதுரங்கள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கை கழுவி ஒளு செய்து அம்மா கொடுத்த குர்ஆனை எடுக்கிறேன், பதினேழாவது ஜுஸுவு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடவே பத்து நிமிஷம். இதோ. அலிஃப், கீழே கோடு, இ. அடுத்த எழுத்துக்கு மேலேயும் கோடு இல்லை, கீழேயும் இல்லை, தலையில் ஒரு அரை வட்டம். அது எனக்கு இன்னும் நடத்தவில்லை, அடுத்த மாதப் பாடம். தாண்டுகிறேன். தே ஸபர் த. ரே ஸபர் ர. பே ஸபர் ப. இ, ஒரு பள்ளம், த, ர, ப. ஒரு வார்த்தையில் ஐந்து எழுத்து, எனக்கு நாலு வருகிறது. இந்த வேகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி வரலாம், வராமலும் போகலாம். வீட்டிலேயே ஓதிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு போய் நின்றால் யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்பதுதான். ஸுபைதா மாமியிடம் கொடுத்து ஓதச் சொல்லலாமா, அவள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள், சீரியல் பார்த்துக்கொண்டே முடிப்பாள். வேண்டாம். வாய்ப்பாடு சொன்னது என் வாய். போனை எடுக்கிறேன். என்ன, முட்டி மடங்கிடுச்சா என்று ராபியா அக்கா எடுத்தவுடனே கேட்கிறாள், கோபம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, பின்னால் அவள் வீட்டு குக்கர் விசில் அடிக்கிறது. பதிலுக்கு ஒன்று நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது, நல்ல பதில், அவள் இரண்டு நாள் சாப்பிடமாட்டாள். அதை விடுகிறேன்.

“அக்கா, எனக்கு ஓதத் தெரியாது. நாப்பதாம் நாள் அன்னிக்கு நான் ஓதல, பக்கத்தத் திருப்பிக்கிட்டு இருந்தேன்.”

குக்கர் இன்னொரு விசில் அடிக்கிறது. அவள் அடுப்பை அணைத்த சத்தம் கேட்கிறது. போனை வைக்கவில்லை. எப்போதும் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை சொல்கிறவள். ஏதாவது சொல்லேன், திட்டேன், கான்வென்ட் என்றாவது சொல்லேன். 

“இப்பத்தான் ஸபர், ஸேர்ல இருக்கேன். வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் ஓதுங்க, நான் வந்து தரையில உக்கார்றேன், சும்மா உக்கார்றேன், எல்லாரும் பாக்கட்டும். பதினேழ மட்டும் யாருக்கும் குடுக்காத, அக்கா. ஹஜ்ரத்துகிட்டச் சொல்லி துஆவ நிறுத்தி வைக்கச் சொல்லு, நான் எழுத்துக்கூட்டி முடிக்கிற வரைக்கும். ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷம்கூட ஆகலாம். வைக்கிறியா?”